மைனஸ் 8 டிகிரி இரவுக்கு இருக்கிற உடையும் ஸ்லீப்பிங் பேகும் போதுமா?

கேட்டிருப்பது இது: கம்ஃபர்ட் 0, லிமிட் மைனஸ் 5 என்று குறித்த மம்மி வகை (தலையையும் மூடி, கால்பக்கம் குறுகும்) டவுன் ஸ்லீப்பிங் பேக், அதாவது பறவையின் மென்தூவி நிரப்பிய பை ஒன்று கையில் இருக்கிறது. கூடவே ஹூட் வைத்த டவுன் ஜாக்கெட், மெல்லிய ஃபிளீஸ், மழை ஜாக்கெட், மடக்கும் ஃபோம் மேட். போகிற இடத்தில் இரவு மைனஸ் 8 வரை இறங்கும். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு பைக்குள் புகுந்தால் தாக்குப் பிடிக்குமா, இல்லை மேலே போர்த்த ஒரு குயில்ட் (காப்பு நிரப்பிய போர்வை) வாங்க வேண்டுமா? உடை இல்லாமல் படுத்தால்தான் பை நன்றாகச் சூடாகும் என்கிறார்களே, அது சரியா?

தாக்குப் பிடிக்கும். ஆனால் இப்போதுள்ள மேட்டோடு பிடிக்காது. செலவு செய்வதாக இருந்தால் முதல் செலவு குயில்ட் அல்ல, மேட்தான். உடையைப் பொறுத்தவரை எத்தனை அடுக்கு போடுகிறீர்கள் என்பதைவிட இரண்டு விஷயங்கள் முக்கியம்: அவை உலர்ந்திருக்க வேண்டும், பைக்குள் நசுங்காமல் உப்பி நிற்க இடம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் அடுக்கு கூடக்கூடக் குளிர்தான் கூடும்.

முதலில் பையில் எழுதியிருக்கும் எண்கள். ஐரோப்பாவில் 2002-இல் வந்த ஈ.என். 13537 தரநிலையும், பிறகு அதன் இடத்தைப் பிடித்த ஐ.எஸ்.ஓ. 23537 தரநிலையும் இந்த எண்களை வெப்பமூட்டிய பொம்மையைப் பைக்குள் கிடத்தி அளந்து தருகின்றன. கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் தளர்வாகப் படுத்துத் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்து, நடுக்கம் வராமல் ஒட்டி நிற்கிற எல்லை. எக்ஸ்ட்ரீம் என்று மூன்றாவதாக ஒன்று இருக்கும். அது உயிர் தப்புவதைப் பற்றிய எண், அதிலும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். திட்டமிடும்போது அதைப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: அந்தப் பொம்மை வெறும் உடம்போடு படுப்பதில்லை. நீளக்கை உள்ளாடை, நீளக்கால் உள்ளாடை, காலுறை போட்டுக்கொண்டு, நல்ல காப்புள்ள மேட்டின் மேல் படுக்கிறது. ஆகவே உங்கள் பேஸ் லேயர், அதாவது உடம்போடு ஒட்டிய உள்ளாடை அடுக்கு, ஏற்கெனவே அந்த எண்ணுக்குள் கணக்காகிவிட்டது. அதைப் போட்டுவிட்டு “மைனஸ் 5-க்கு மேல் கூடுதலாகக் காப்பு கிடைத்தது” என்று நினைத்தால், ஒரே அடுக்கை இரண்டு முறை எண்ணுகிறீர்கள். மெல்லிய மேட்டில் படுத்தால், பையில் எழுதிய எண் அப்போதே கெட்டுவிடுகிறது.

உடை எத்தனை டிகிரி கொடுக்கும் என்பதற்குத் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. உடையின் காப்பை ‘குளோ’ என்ற அலகில் சொல்வார்கள். தூங்குகிற உடம்பு ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 40 வாட் வெப்பம் விடுகிறது. அந்த நிலையில் உடம்பு முழுவதையும் மூடுகிற 1 குளோ சுமார் 6 டிகிரி குளிரைத் தாங்கும். உள்ளாடை மேலும் கீழும் சேர்த்து 0.35 குளோ வரும், அதாவது ஏறத்தாழ 2 டிகிரி. கனமான ஸ்வெட்டர் ஒன்றும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். டவுன் ஜாக்கெட் இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது மூடுவது மார்பு, முதுகு, கை மட்டும். அதிலும் முதுகுப் பக்கம் உடம்பின் எடையில் நசுங்கிவிடுகிறது. இடம் இருந்து, உலர்ந்தும் இருந்தால், ஹூட் உள்ள நடுத்தர டவுன் ஜாக்கெட்டுக்கு 3 முதல் 5 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஜாக்கெட் பகலில் நனைந்துபோகிற வாய்ப்பு எப்போதும் உண்டு. அதனால் திட்டமிடும்போது 3 என்றே எண்ணுங்கள். அதற்குமேல் கிடைப்பது கையிருப்பு.

உங்கள் கணக்கு இப்படி வரும். வெடவெடத்துக்கொண்டு படுக்கிற உடம்புவாகு இல்லையென்றால் லிமிட் மைனஸ் 5-இலிருந்து தொடங்கலாம். ஜாக்கெட் 3 டிகிரி தந்தால் மைனஸ் 8 வந்துவிடுகிறது. எளிதில் குளிர் ஏறுகிற உடம்பாக இருந்தால் கம்ஃபர்ட் 0-இலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்போது ஜாக்கெட்டும் ஃபிளீஸும் சேர்ந்தும் மைனஸ் 4, 5-க்கு அப்பால் போகாது, மேலே இன்னோர் அடுக்கு தேவைப்படும். இரண்டில் எது நீங்கள் என்பதை நேர்மையாக முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றவர் போர்வையை உதறுகிற அறையில் நீங்கள் கழுத்துவரை இழுத்துப் போர்த்துகிறவர் என்றால், பதில் தெரிந்துவிட்டது.

இனி இடத்தைப் பற்றி. டவுன் என்பது சூட்டை உண்டாக்குகிற பொருள் இல்லை. அசையாத காற்றைப் பிடித்து வைக்கிற பஞ்சு, அவ்வளவுதான். பையின் வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவில் உப்பல் இருந்தால்தான் காப்பு. பைக்குள் பருமனான ஜாக்கெட்டோடு நுழைந்து, உள்துணியை வெளித்துணி வரைக்கும் தள்ளிவிட்டால், பையின் டவுன், ஜாக்கெட்டின் டவுன் இரண்டும் ஒரே நேரத்தில் நசுங்குகின்றன. தோள், இடுப்பு, முழங்கால் என்று புடைத்து நிற்கிற இடங்களில் முதலில் சில்லென்று ஏறும்.

இதை அளந்தே பார்த்துவிடலாம். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துத் தோளைச் சுற்றி டேப் பிடியுங்கள். 117 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கெட் 3 செ.மீ. தடிமன் என்றால் சுற்றளவில் கூடுவது 6 செ.மீ. அல்ல, அதன் மும்மடங்குக்கு மேல்: தடிமனை 6.28-ஆல் பெருக்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 19 செ.மீ. மொத்தம் 136. பையின் உள் சுற்றளவு தோளில் 150 செ.மீ. இருந்தால் தாராளம். அதே ஜாக்கெட்டோடு 130 செ.மீ. தோள் உள்ளவர் 149-க்கு வந்துவிடுகிறார். அந்தப் பையில் அவர் ஜாக்கெட் போடக் கூடாது. விவரப் பட்டியலில் கொடுத்திருப்பது உள் சுற்றளவா வெளிச் சுற்றளவா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் நிறைய.

டேப் இல்லாமலும் சோதிக்கலாம். எல்லாம் போட்டுக்கொண்டு பையில் படுத்து, ஜிப்பை முழுக்க ஏற்றி, ஒருக்களித்து முழங்காலை மடக்குங்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, மேல்பக்கத் தோளிலும் இடுப்பிலும் முழங்காலிலும் பையின் வெளித்துணியை இரு விரலால் கிள்ளச் சொல்லுங்கள். துணி தளர்ந்து விரலுக்குள் வந்து, கீழே பஞ்சு மெத்தென்று இருந்தால் சரி. துணி இழுபட்டு, விரலுக்குக் கீழே எலும்பு தட்டினால், அந்த இடத்தில் காப்பு இல்லை. கால் நுனியையும் மறக்காதீர்கள். விரல்கள் பையின் அடியை முட்டினால் எத்தனை காலுறை போட்டாலும் விரல் விறைக்கும்.

இடம் போதவில்லை என்றால் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளாமல், பைக்குள்ளேயே மார்புக்கும் வயிற்றுக்கும் மேல் விரித்துக்கொள்ளுங்கள். நான் இதைத்தான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வேன். முதுகுப் பகுதி உடம்புக்கு அடியில் வீணாக நசுங்காமல், முழு ஜாக்கெட்டும் மேல்பக்கம் வேலை செய்கிறது. பை அதை நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. கைப்பகுதிகளைக் கழுத்துக்கு இரு பக்கமும் செருகினால், பையின் வாய் வழியாகத் தோளுக்குள் இறங்குகிற குளிர்காற்றும் நிற்கும். பைக்கு வெளியே போர்த்துவதும் முடியும், ஆனால் முதல் முறை புரண்டதும் தரையில் கிடக்கும்.

கால் மட்டும் சில்லிடுகிறது, மார்பு போதுமான கதகதப்போடு இருக்கிறது என்றால், ஜாக்கெட்டின் ஜிப்பைப் பூட்டி, கைப்பகுதிகளை உள்ளே திணித்து, பைக்குள் இரண்டு காலையும் அதனுள் விடுங்கள். ஜாக்கெட்டைச் சுருட்டித் தலையணையாக வைக்கிற பழக்கத்தை இந்த இரவுகளில் விட்டுவிடுங்கள். தலையணைக்குத் துணிப்பை இருக்கிறது, நாளைக்குப் போடும் சட்டை இருக்கிறது.

உடை இல்லாமல் படுத்தால் கதகதப்பு என்ற பேச்சு தவறு. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. இறுக்கமான பையில் பருமனான உடையோடு படுத்துக் குளிர்ந்தவர்கள், உடையைக் கழற்றியதும் பை உப்பியதால் தேறியிருப்பார்கள். பகல் முழுக்க நடந்த வியர்வை ஊறிய சட்டையோடு படுத்தவர்கள், அதைக் கழற்றியதும் தேறியிருப்பார்கள். இரண்டு இடத்திலும் தீர்வு உலர்ந்த, இறுக்காத உடைதான். வெறும் உடம்பு அல்ல. உடை வெப்பத்தை உடம்பிலேயே அடைத்து வைத்துப் பையைச் சூடாக விடாது என்ற விளக்கமும் பொருந்தாது. காப்பு எந்த அடுக்கில் இருந்தாலும் கூட்டல்தான். ஓர் இடத்தில் மட்டும் அந்தப் பேச்சில் உண்மை உண்டு: தனித்தனி விரல் உள்ள கையுறையைவிட எல்லா விரலும் சேர்ந்திருக்கும் கையுறை கதகதப்பாக இருப்பதுபோல, உடம்போடு ஒட்டிய கை தனியாக மூடிய கையைவிடச் சூடாக இருக்கும். அதனால் தடித்த ஃபிளீஸின் கையிலிருந்து கைகளை இழுத்து உள்ளே மார்போடு வைத்துக்கொள்வது நல்ல உத்தி.

ஈரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்கெல்லாம் கெடுவது இங்கேதான். தூங்குகிற ஓர் ஆள் விடுகிற வெப்பம் மொத்தம் சுமார் 75 வாட். 100 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 240 கிலோஜூல் வேண்டும். வியர்த்த ஒரு சட்டையும் காலுறையும் சேர்ந்தால் அந்த 100 கிராம் எளிதில் வந்துவிடும். அதைப் பைக்குள் போட்டுக்கொண்டே உலர்த்தினால், உங்கள் உடம்பு ஒரு மணி நேரம் உண்டாக்குகிற வெப்பம் முழுக்க அதற்கே போகிறது. இன்னொரு விதமாகச் சொன்னால், 90 டிகிரி சூட்டில் நிரப்பிய ஒரு லிட்டர் வெந்நீர் பாட்டில் இரவில் 35 டிகிரிக்கு ஆறும்வரை தருவது சுமார் 230 கிலோஜூல். ஈரச் சட்டையோடு படுப்பவர் அந்தப் பாட்டிலைப் பைக்கு வெளியே கொட்டிவிடுகிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம். போதாததற்கு, ஆவியான ஈரம் வெளியே போவதற்குள் பையின் குளிர்ந்த வெளிப்பக்கத்தில் திரும்பவும் நீராகி டவுனைக் கட்டியாக்குகிறது.

ஆகவே தூங்குவதற்கென்று ஒரு பேஸ் லேயர், ஒரு ஜோடி தளர்வான கம்பளிக் காலுறை, ஒரு குல்லா. இவற்றை நீர் புகாத தனிப்பையில் வைத்துக்கொண்டு, அவற்றைப் போட்டு ஓரடிகூட நடக்காதீர்கள். பகல் உடை லேசாக மட்டும் ஈரம் என்றால், கூடாரத்துக்கு வெளியே உடம்பு சூடாக இருக்கும்போதே போட்டுக்கொண்டு வேலை செய்து உலர்த்துங்கள். ஜோடிக் காலுறை மட்டும் என்றால் பிழிந்து வயிற்றுமேல் வைத்துப் படுக்கலாம். அதற்குமேல் எதுவும் பைக்குள் வேண்டாம்.

மழை ஜாக்கெட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வதையும் தவிருங்கள். முதல் அரைமணி நேரம் சூடு தெரியும், பிறகு உள்ளே பிசுபிசுக்கும். அதற்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. கூடாரச் சுவரில் பனி படிந்து பையின் கால்பக்கம் உரசி நனையும் இடத்தில், ஜிப் போட்டு வெளியே ஓர் உறைபோல மாட்டிவிடலாம். மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் தளர்வாக விடுங்கள். உள்ளிருந்து வரும் ஆவிக்கு வழி வேண்டும்.

வெந்நீர் பாட்டில் சொன்னேன் அல்லவா, அது இந்தக் கூட்டுமுறையில் உண்மையான ஓர் அடுக்குதான். சூட்டைத் தாங்கும் கெட்டிப் பிளாஸ்டிக் பாட்டிலோ ஒற்றைச் சுவர் எஃகு பாட்டிலோ வேண்டும். கடையில் தண்ணீர் விற்கிற மெல்லிய பாட்டில் வெந்நீரில் சுருங்கிவிடும். இரட்டைச் சுவர் பிளாஸ்க் சூட்டை வெளியே விடாது, அதனால் பயனில்லை. மூடியை இறுக்கி, தலைகீழாகப் பிடித்துக் கசிகிறதா என்று பார்த்து, ஒரு காலுறைக்குள் போட்டு, தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய இரத்தக்குழாய் அங்கே ஓடுவதால் அந்தச் சூடு காலுக்கும் போய்ச் சேரும். தண்ணீரைக் கூடாரத்துக்கு வெளியே காய்ச்சுங்கள். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பை எரியவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரை எடுத்துவிடும். குளிர் எவ்வளவானாலும் இதில் விட்டுக்கொடுப்பு கூடாது.

இப்போது மேட். உடம்புக்குக் கீழே பை, ஜாக்கெட், ஃபிளீஸ் எல்லாமே நசுங்கிப்போகின்றன. தரைக்கும் முதுகுக்கும் நடுவில் நிற்பது மேட் மட்டும்தான். அதன் காப்பை ஆர் மதிப்பு என்று போட்டிருப்பார்கள். வழக்கமான மடக்கும் ஃபோம் மேட் 2 அளவில் இருக்கும். உறைநிலைக்கு மேலே உள்ள இரவுகளுக்கு அது போதும். மைனஸ் 8-க்கு 5 வேண்டும். ஆர் மதிப்புகள் நேராகக் கூடும் என்பது பெரிய வசதி: உங்கள் ஃபோம் மேட்டோடு 3 அல்லது 3.5 ஆர் மதிப்புள்ள காற்றடைக்கும் மேட் ஒன்று சேர்த்தால் வேலை முடிந்தது. ஃபோமைக் கீழே போட்டால் காற்று மேட்டில் முள் குத்தாது. மேலே போட்டால் படுத்தவுடனே சூடு தெரியும், காற்று இறங்கினாலும் வெறும் தரை தட்டாது. காப்பு இரண்டு விதத்திலும் ஒன்றுதான். மேட் போதாமல் முதுகு சில்லிடுகிறவர் மேலே எதைப் போர்த்தினாலும் இரவு முழுக்கப் புரண்டுகொண்டேதான் இருப்பார்.

குயில்ட் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். குயில்ட் என்பது முதுகுப் பக்கம் இல்லாத ஸ்லீப்பிங் பேக். மேட்டோடு பட்டி போட்டு இணைக்கலாம். உடையோடு சேர்ப்பதற்கு அது பையைவிடத் தோதானது. பை உடம்பைச் சுற்றி மூடிய குழாய், உள்ளே பருமன் கூடினால் நசுங்கும். குயில்ட் ஜாக்கெட்டின் மேல் அப்படியே படிந்து உப்பி நிற்கும். விலையாகக் கொடுப்பது அகலத்தை. 3 செ.மீ. தடிமன் ஜாக்கெட் போட்டால் ஒரு பக்க மேட்டிலிருந்து மறுபக்க மேட்டுக்கு வளைய வேண்டிய தூரம் ஏறத்தாழ 10 செ.மீ. கூடுகிறது. ஒருக்களித்துப் படுப்பவர் முழங்காலை மடக்கும்போது முதுகுப் பக்கம் ஓரம் தூக்கிக்கொண்டு, உள்ளே சேர்ந்த சூடான காற்று ஒரே மூச்சில் வெளியே போய்விடும். உறைநிலைக்குக் கீழே தனியாகக் குயில்டில் படுக்கிறவர் ஜாக்கெட் போட இடம் விட்டு, வழக்கமாக எடுப்பதைவிட ஓர் அளவு அகலமானதை எடுக்க வேண்டும், பட்டிகளைக் கட்டாயம் மாட்ட வேண்டும். குயில்டில் தலைக்கு ஒன்றும் இல்லை என்பதால் ஜாக்கெட்டின் ஹூட் அங்கே உதிரி அல்ல, படுக்கையின் ஒரு பாகம். ஹூட் இல்லாத ஜாக்கெட் என்றால் காதையும் கழுத்தையும் மூடும் குல்லா வேண்டும். குயில்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பல தயாரிப்பாளர்கள் தாங்களாகவே குறிப்பதால், அதை லிமிட் என்று எடுத்துக்கொள்ளுங்கள், கம்ஃபர்ட் என்று அல்ல.

நீங்கள் கேட்டதோ பைக்கு மேலே போர்த்தும் குயில்ட். அதற்கும் நடைமுறைக் கணக்கு ஒன்று உண்டு. 21-இலிருந்து மேலே போர்த்துவதன் எண்ணைக் கழித்துப் பாதியாக்குங்கள். அவ்வளவு டிகிரி பை இறங்கும். 10 டிகிரி குயில்ட் என்றால் 21 கழித்தல் 10, பாதி 5.5. உங்கள் பையின் கம்ஃபர்ட் 0-இலிருந்து மைனஸ் 5-க்கு வரும். ஜாக்கெட்டும் சேர்ந்தால் மைனஸ் 8. குளிர் ஏறுகிற உடம்பு என்று மேலே சொன்னேனே, அவர்களுக்கு இதுதான் வழி. வாங்குவதானால் டவுன் வேண்டாம், செயற்கை இழை நிரப்பியதை அகலமாக எடுங்கள். உடம்பிலிருந்து போகும் ஆவி நீராகப் படிகிற இடம் வெளி அடுக்குக்கு நகர்ந்துவிடும். அந்த ஈரத்தைச் செயற்கை இழை தாங்கும், உள்ளே டவுன் பை உலர்ந்தே இருக்கும். பல நாள் தொடர்ந்து உறைநிலைக்குக் கீழே தங்குகிறவர்களுக்கு இதன் அருமை மூன்றாம் இரவில் தெரியும்.

இன்னும் கடுமையான குளிரில், மைனஸ் 15-க்குக் கீழே பல இரவுகள் என்றால், ஆவி புகாத உறையை உடம்புக்குப் பக்கத்தில் போடுவார்கள். மெல்லிய உள்ளாடை, அதன்மேல் உறை, மற்ற உடையெல்லாம் அந்த உறைக்கு வெளியே. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அதன்மேல் உறைக்குள் புகுந்தால் காலையில் ஜாக்கெட் சொதசொதவென்று இருக்கும். உங்கள் பயணத்துக்கு இது தேவையில்லை.

படுக்கப் போகும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். வந்து சேர்ந்ததும், உடம்பு இன்னும் சூடாக இருக்கும்போதே ஜாக்கெட்டைப் போடுங்கள். குளிர்ந்த பிறகு போட்டால் அது குளிரைத்தான் காக்கும். பையை ஒரு மணி நேரம் முன்பே எடுத்து உதறி உப்பவிடுங்கள். கொழுப்பும் மாவும் உள்ளதாக வயிறாரச் சாப்பிடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். நடு இரவில் அடக்கிக்கொண்டு கிடந்தால் தூக்கமும் போகும், கடைசியில் வெளியே போய்ச் சூடும் போகும். பைக்குள் போனதும் வியர்க்காத அளவுக்கு இருபது முப்பது முறை வயிற்றை மடக்கி நிமிர்த்துங்கள். பையின் கழுத்துப் பக்கக் கயிற்றை முதலில் இழுத்துச் சுருக்கி, பிறகு தலைப்பகுதியை மூக்கும் வாயும் வெளியே தெரியும் அளவுக்குச் சுருக்குங்கள். மூக்கு குளிர்ந்தால் மெல்லிய துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், முகத்தைப் பைக்குள் இழுக்காதீர்கள். மூச்சின் ஈரம் முழுக்க மார்புப் பக்க டவுனில் இறங்கும். நடுவில் வியர்க்கத் தொடங்கினால் சோம்பல் பார்க்காமல் ஜிப்பைக் கொஞ்சம் இறக்குங்கள். எல்லாம் செய்தும் நடுக்கம் நிற்காமல் தொடர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: கூட இருப்பவரை எழுப்பி, இனிப்பாகச் சூடாக ஏதாவது குடித்து, பாட்டிலைத் திரும்ப நிரப்புங்கள்.

காலையில் எழுந்ததும், பை இன்னும் உடம்புச் சூட்டோடு இருக்கும்போதே, அதைக் கால்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக மெல்ல உருட்டி உள்ளே இருக்கும் ஈரக் காற்றைப் பிதுக்கி வெளியேற்றுங்கள். ஆறவிட்டால் அந்த ஈரம் டவுனிலேயே உறைந்துவிடும். பிறகு உட்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் போடுங்கள். வெயில் இல்லாத நாளானால் மதிய ஓய்வில் அரைமணி நேரமாவது விரித்து வைத்துவிட்டு மூட்டை கட்டுங்கள்.